மழையும் ஓய்வும்

ஓய்வு நாளொன்றில் மழையில் நனைந்தபடி துவிச்சக்கர வண்டியை மிதித்துக் கடலைப் பார்க்கப் போவது ஒரு நீதிப் பிரச்சினையாகுமா என்று கேட்டால் பலர் சிரிப்பார்கள். சிரிப்பவர்களில் இரு சாரார் உண்டு. ஓய்வு அவரவர் சொந்த விஷயம். உழைத்தவன் தன் பணத்திலே, தன் நேரத்திலே, தன் கால் வலுவிலே எங்கே போனால் யாருக்கு என்ன என்பார் ஒரு சாரார். உழைக்கும் மக்கள் சேற்றிலே நிற்கும்போது உல்லாசப் பயணத்தைப் பற்றி எழுதுவதே பூர்ஷுவாப் பொழுதுபோக்கு, அதிலே ஆராய என்ன இருக்கிறது என்பார் மற்றொரு சாரார். இவ்விருவரும் ஒருவரையொருவர் எதிர்ப்பதாகத் தோன்றினும் ஓரிடத்தில் கைகோத்துக்கொள்கின்றனர். இன்பம் என்பது சிந்தனைக்குப் புறம்பானது என்று இருவரும் நம்புகின்றனர். நாம் அவ்வாறு நம்பவில்லை. மனிதன் எவ்வாறு உழைக்கிறான் என்பதைப் போலவே எவ்வாறு ஓய்கிறான் என்பதும் ஒரு சமுதாயத்தின் அமைப்பைக் காட்டிக் கொடுக்கும் என்பதே நமது எண்ணம்.

பொதுப்படப் பேசுவதைக் காட்டிலும் ஒரு பாதையை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. மட்டக்களப்பிலிருந்து வடக்கே திருகோணமலையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், செங்கலடியும் வந்தாறுமூலையும் மாவடிவேம்பும் கடந்தால் சித்தாண்டி. முருகன் கோயிலால் பெயர்பெற்ற ஊர்; மேற்கே ஆறும் வயலும், கிழக்கே மணலும் பனையும். அங்கிருந்து முறக்கொட்டாஞ்சேனை, சந்திவெளி, கிரான், கும்புறுமூலை என்று ஊர்கள் தொடர்ந்து வர, வாழைச்சேனையில் திரும்பினால் கல்குடாவும் பாசிக்குடாவும். பதினைந்து கிலோமீற்றர் அளவான தூரந்தான். மேடு பள்ளம் அதிகமில்லாத தரை. வார இறுதியில் இரண்டு நாள் கிடைத்தால், ஒரு துவாயும் மாற்றுடையும் பொலித்தீன் பையிலே சுற்றிக் கட்டிக்கொண்டு, நண்பர் இருவர் மூவர் புறப்பட்டுவிடலாம். மழைக்காலமாயின் அதுவும் ஒரு சுகம். புழுதி இல்லை, வெயில் இல்லை. வானம் தாழ்ந்து வந்து வயலைத் தொடுகிறது. கொக்குகள் வெள்ளைப் புள்ளிகளாய் நிற்கின்றன. இந்தச் சுகத்தை நாம் குறைத்துப் பேசப் போவதில்லை. அறிந்தவர்களுக்கு அது தெரியும்.

ஆனால் அந்த மழை யாருடைய மழை?

கிழக்கிலங்கையின் மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. கார்த்திகையும் மார்கழியும் தையும் அதன் மாதங்கள். பெரும்போக வெள்ளாண்மை அதை நம்பியே விதைக்கப்படுகிறது. சைக்கிளில் செல்பவன் கன்னத்திலே பன்னீராய்த் தெளிக்கின்ற அதே துளி, வட்டையிலே குனிந்து நிற்பவளுக்கு முதுகிலே விழும் குளிர். வரம்பு உடைந்துவிடுமோ என்று மண்வெட்டியோடு அலைபவனுக்கு இரவெல்லாம் தூக்கமின்மை. நாட்கூலிக்குப் போகிறவனுக்கு வேலையில்லாத ஒரு நாள். மழை பொய்த்தால் அழிவு, மிஞ்சினாலும் அழிவு. 1978 நவம்பர் 23-ஆம் நாள் இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனதையும், தென்னந் தோட்டங்களைத் தரைமட்டமாக்கியதையும் அப்பகுதியின் முதியவர்கள் இன்றும் காலக்கணக்குக்கு எல்லைக்கல்லாக வைத்துப் பேசுகின்றனர். 2011 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தபோது பெரும்போக வயல்கள் அறுவடைக்கு முன்னரே நீரில் மூழ்கின. ஆகவே ‘மழை அழகானது’ என்ற வாக்கியம், அதைச் சொல்பவன் எங்கே நிற்கிறான் என்பதைச் சொல்லாத வரையில் முழுமை பெறாத வாக்கியமேயாகும்.

அழகியலாளர் இதை ஒப்பமாட்டார்கள். ஜேர்மானியத் தத்துவஞானி கான்ற் 1790-இல் வெளியிட்ட நூலில், அழகுணர்ச்சி என்பது பயன் கருதாத ஈடுபாடு என்று வரையறுத்தார். பசித்தவன் பழத்தைப் பார்க்கும் பார்வை வேறு, அழகைக் காண்பவன் பார்வை வேறு என்பது இதன் சாரம். இதிலே உண்மை இல்லாமலில்லை. ஆயினும், பசியற்று நிற்கும் அந்த நிலை எங்கிருந்து வந்தது, யார் அதை ஆக்கிக் கொடுத்தார் என்ற கேள்வியை அவ்வரையறை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. உரோமக் கவிஞனும் லோகாயதவாதியுமான லுக்ரீஷியஸ் இவ்விஷயத்தில் இன்னும் நேர்மையானவன். தன் பெருங்காவியத்தின் இரண்டாம் காண்டத்தை, கடலில் அல்லற்படுபவனைக் கரையில் நின்று காண்பவனின் காட்சியோடு அவன் தொடங்குகிறான். காண்பவனின் நிம்மதி, தான் தப்பியிருப்பதிலிருந்து பிறப்பது என்று மறைக்காமல் சொல்லியும் விடுகிறான். பாசிக்குடாக் கரையில் மழைக்கோட்டுக்குள் நின்று அலையின் சீற்றத்தை ரசிப்பவனும் இதைத்தான் செய்கிறான். அவன் ரசிப்பது பாவமென்று நாம் சொல்லவில்லை. தான் தப்பியிருப்பவன் என்பதை அவன் அறிந்திருக்கிறானா என்பதே நமது கேள்வி.

நமது பழந்தமிழ் இலக்கண மரபு இவ்விஷயத்தில் கான்ற்றைக் காட்டிலும் தெளிவாக இருந்தது என்று கூறினால் அது வெறும் பழம்பெருமையாகாது. மழைக்காலத்தை முல்லைக்கும் கடற்கரையை நெய்தலுக்கும் வகுத்துக் கொடுத்த தொல்காப்பியம், நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது மரத்தையும் புள்ளையும் சொன்ன அதே வரிசையிலே அந்நில மக்களின் தொழிலையும் சேர்த்து எண்ணியது. தொழிலை நீக்கிவிட்டால் நெய்தல் என்ற நிலமே இல்லை. உப்பும் நீரும் மணலுந்தான் எஞ்சும். சுற்றுலாச் சுவரொட்டிகள் நமக்குக் காட்டுவது இவ்வாறு தொழில் நீக்கப்பட்ட கடற்கரையையே. வள்ளம் இருந்தாலும் அது ஆளில்லாமல், அந்திச் சிவப்பின் முன்னே ஓர் அலங்காரமாக இருக்கும். அதை இழுத்து ஏற்றிய தோள்கள் படத்துக்கு வெளியே நிற்கும்.

இனி ஓய்வு என்ற சொல்லுக்கு வருவோம். அரிஸ்டோட்டில் ஓய்வை மனித வாழ்வின் உயர்ந்த நிலையாகப் போற்றினார். சிந்தனைக்கும் நல்வாழ்வுக்கும் அது தேவை என்றார். அந்த ஓய்வுக்காக அடிமைகள் உழைப்பது இயற்கையின் ஏற்பாடு என்றும் அவரே எழுதினார். அக்காலத்துக்கு ஏற்ற எழுத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. நமது மட்டக்களப்பு மண்ணிலே போடியாரின் திண்ணையையும் முல்லைக்காரனின் வயலையும் கண்டவர்களுக்கு அரிஸ்டோட்டில் அவ்வளவு தொலைவில் இருப்பவரல்லர். இம்மரபுக்கு எதிராக, ஓய்வை உழைப்பவனின் உரிமையாக முதன்முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் மார்க்ஸின் மருமகன் போல் லஃபார்க். 1880-இல் அவர் எழுதிய ‘சோம்பலுக்கான உரிமை’ என்னும் பிரசுரத்தின் தலைப்பே அன்று தோழர்கள் பலரை முகஞ்சுளிக்க வைத்திருக்கும். மார்க்ஸோ மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில், சுதந்திரத்தின் எல்லை தேவைக்காக உழைக்கும் நேரம் முடிகிற இடத்தில்தான் தொடங்குகிறது என்றும், வேலைநாளைக் குறைப்பதே அதற்கு அடிப்படை என்றும் வாதிட்டார். உல்லாசம் என்றால் உதட்டைப் பிதுக்கும் நமது நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓய்வை இகழ்வது இடதுசாரி மரபன்று. அது முதலாளி தன் ஆலைக் கணக்கிலிருந்து நமக்குக் கடன்கொடுத்த ஒழுக்கம்.

வார இறுதி என்பது இயற்கையாக முளைத்த ஒன்றுமன்று. 1886-இல் சிக்காகோத் தெருக்களில் எட்டு மணி நேர வேலைக்காகச் சிந்திய இரத்தமும், 1919-இல் எட்டு மணி நேரத்தையும் 1921-இல் தொழிற்சாலைகளுக்கு வார ஓய்வையும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் உடன்படிக்கைகளாக்கிய போராட்டமும் அதன் பின்னால் நிற்கின்றன. இலங்கையில் 1954-ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறையை எழுதி வைத்தது. வார இறுதி எவ்வளவு செயற்கையானது என்பதற்கு நமது நாட்டிலேயே ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு விடுமுறை இருக்கவில்லை. சந்திரனின் வளர்வு தேய்வைப் பின்பற்றி, நான்கு போயா நாட்களும் அவற்றுக்கு முந்திய அரை நாட்களுமே விடுமுறையாயின. கந்தோர்காரர் நாட்காட்டியைப் பார்த்துத்தான் இன்று என்ன நாள் என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. ஆகாயத்துச் சந்திரனால் மாற்ற முடிந்த ஒன்றை ஆட்சியால் மாற்ற முடியும். ஆட்சியால் மாற்ற முடிந்ததை மக்களாலும் மாற்ற முடியும்.

ஆயினும் சட்டம் ‘ஊழியர்’ என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறது? கடைச் சிப்பந்தியையும் கந்தோர் எழுதுவினைஞரையும் சொல்கிறது. சித்தாண்டியின் ஆற்றுக்கு அப்பால் வயலில் நாட்கூலிக்கு நிற்பவனையும், கரைவலை இழுப்பவனையும் அது சொல்லவில்லை. அவனுக்கு வாரமும் இல்லை, வார இறுதியும் இல்லை. பழைய கிராம வாழ்வில் இதற்கு ஒரு மாற்று இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கும் குளிர்த்தியும், கோயில் திருவிழாவும், அறுவடைக்குப் பின் களரியேறும் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களும் ஊருக்கெல்லாம் பொதுவான ஓய்வாக இருந்தன. ஓய்வு தனியாள் வாங்கும் பொருளாக அன்று இல்லை. ஊரே ஒன்றாகச் செய்யும் ஒரு காரியமாக இருந்தது. அந்தப் பொதுமையிலும் சாதி தன் கயிற்றைக் கட்டியே வைத்திருந்தது என்பதை மறந்துவிட்டு அதற்காகக் கண்ணீர் விடுபவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. யார் கோயிலுக்குள்ளே நின்றான், யார் வெளி வீதியில் பறை அடித்தான் என்று கேட்டால் அக்கண்ணீர் விரைவில் உலர்ந்துவிடும்.

இப்போது அதே மழைக்காலத்தில் அதே கடற்கரையைப் பார்ப்போம். கார்த்திகை, மார்கழியில் கிழக்குக் கடல் கொந்தளிக்கிறது. வள்ளங்கள் பல நாட்கள் கரையேறிக் கிடக்கின்றன. மீனவர்கள் வாடியின் ஓலைக்கூரைக்குக் கீழே குந்தியிருந்து வலை பொத்துகின்றனர், அல்லது பொத்துவதற்கு வலையும் இல்லாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். வெளிநாட்டுப் பயணிகள் கிழக்கு நோக்கி வருவது சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையான அமைதிக் காலத்தில் என்பதால், மழை மாதங்களில் விடுதிகளும் வெறிச்சோடுகின்றன. அங்கே துடைக்கவும் கழுவவும் சமைக்கவும் போகிற பையன்களுக்கும் பெண்களுக்கும் வேலை குறைகிறது. அந்த நேரத்தில் அங்கே வந்து இறங்குகிறான் நமது வார இறுதிச் சைக்கிள்காரன். அவனும் ஓலைக்கூரைக்குக் கீழே மழைக்கு ஒதுங்குகிறான். பக்கத்திலே மீனவன். இருவரும் ஒன்றும் செய்யவில்லை. இருவரும் ஒரே கடலைத்தான் பார்க்கின்றனர். தூரத்திலிருந்து படம் பிடிப்பவனுக்கு இருவரும் ஓய்வில் இருப்பவர்களாகவே தெரிவர்.

ஆனால் ஒருவனுடையது ஓய்வு; மற்றவனுடையது வேலையின்மை. இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டும் மயக்கத்தைப் போல் நமது காலத்தில் தீங்கு செய்யும் மயக்கம் வேறில்லை. ஓய்வு, திங்கட்கிழமை மீண்டும் வேலை இருக்கிறது என்ற உறுதியின்மேல் கட்டப்பட்டது. சம்பளத்தோடு வரும் நேரம் அது. வேலையின்மை, நாளைக்கு அடுப்பு எரியுமா என்ற சந்தேகத்தின்மேல் கிடப்பது. ‘கிராமத்து மக்கள் எவ்வளவு நிதானமாக வாழ்கிறார்கள், நேரத்தைப் பற்றிக் கவலையே இல்லை’ என்று நகரத்திலிருந்து வந்து வியப்பவர்கள், வேலையற்று உட்கார்ந்திருப்பவனின் முகத்தில் ஞானத்தைக் கண்டுபிடிக்கின்றனர். அவன் வாயைத் திறந்து, வட்டிக்கடையில் அடைவு வைத்த காப்பைப் பற்றிப் பேசினால் அந்த ஞானம் கலைந்துவிடும். நல்ல வேளையாக அவனோடு பேச அவர்கள் நிற்பதில்லை.

சைக்கிளுக்கு இங்கே ஒரு சிறப்பு உண்டு என்று சொல்வார்கள். கண்ணாடி அடைத்த வாகனத்தில் போகிறவனைப் போலன்றி, சைக்கிள்காரன் மெதுவாகப் போகிறான். மணமும் குரலும் அவனை எட்டுகின்றன. அவன் நின்று பேசலாம். இதற்கு வரலாற்றுச் சான்றும் இருக்கிறது. 1894-இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில், ‘கிளாரியன்’ என்ற சோஷலிசப் பத்திரிகையின் வாசகர்கள் சைக்கிள் சங்கம் அமைத்தனர். ஓய்வு நாளில் கிராமங்களுக்கு வண்டி மிதித்துச் சென்று, பிரசுரங்களை விநியோகித்து, சந்தியிலே நின்று பேசி, மாலையில் திரும்பினர். அவர்கள் இன்பத்தை விட்டுக்கொடுக்கவில்லை, இலட்சியத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1936 ஜூனில் பிரான்சு தேசத்தில் மக்கள் முன்னணி அரசாங்கம், ஆலைகளைக் கைப்பற்றி உட்கார்ந்திருந்த தொழிலாளரின் வலுவால் உந்தப்பட்டு, வருடத்துக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறையையும் நாற்பது மணி நேர வேலை வாரத்தையும் சட்டமாக்கியது. அந்தக் கோடையில் சலுகை ரயில் சீட்டிலும், சைக்கிளிலும், இருவர் மிதிக்கும் நீண்ட சைக்கிளிலும் குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர் கடலுக்குப் புறப்பட்டனர். அவர்களிற் பலர் கடலை அதற்குமுன் கண்டதேயில்லை. வேலைத் தொப்பி அணிந்த கூட்டம் தமது கடற்கரையைக் கெடுத்துவிட்டது என்று அன்று முணுமுணுத்த கனவான்களும் உண்டு. அவர்களின் கோபம் நமக்கு ஒன்றை விளக்குகிறது: கடல் எல்லாருக்கும் பொது என்று சொல்வது எளிது, எல்லாரும் வந்துவிட்டால்தான் அது யாருடையது என்ற சண்டை வெளிப்படுகிறது.

இந்தச் சான்றுகளை வைத்துக்கொண்டு, சைக்கிளில் ஏறியவனெல்லாம் மக்களோடு கலந்துவிட்டான் என்று கருதுவது பேதைமை. சித்தாண்டிச் சாலையில் சைக்கிள் உல்லாசத்துக்காகப் பிறந்த பொருளன்று. மீன்பெட்டி கட்டிய சைக்கிள், ஆளை மறைக்கும் அளவுக்கு விறகு ஏற்றிய சைக்கிள், பின்னால் பிள்ளையும் முன்னால் அரிசிச் சாக்குமாகப் போகும் சைக்கிள் என்பனவே அதன் இயல்பான உருவங்கள். போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடையும் தட்டுப்பாடும் வந்தபோது, வடக்கு கிழக்கில் அதுவே ஆம்புலன்சாகவும் பார வண்டியாகவும் இருந்தது. 2022-இல் நாடு முழுவதும் எரிபொருளின்றித் திணறியபோது கொழும்பிலே கந்தோர்காரர் சைக்கிள் வாங்க ஓடினர். பத்திரிகைகள் அதை ஒரு புது நாகரிகமாகப் புகழ்ந்தன. எங்கள் கிராமங்களுக்கு அது நாகரிகமாகத் தோன்றவில்லை, பழைய நினைவாகத்தான் தோன்றியது. விறகுச் சைக்கிளும் ஓய்வுச் சைக்கிளும் ஒரே மழையில், ஒரே சாலையில், எதிரெதிரே ஒன்றையொன்று கடக்கின்றன. இரண்டாமவன் பிரேக்கைப் பிடித்துச் சற்று ஒதுங்கி வழிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல பழக்கம். ஆனால் அவன் கடன் அதோடு தீர்ந்ததா?

இரக்கம் காட்டுவது அக்கடனன்று. இரக்கம் கொள்பவன் விறகுக்காரனை அவன் பாரத்திலேயே நிறுத்திவைத்துக்கொண்டு தன் மனத்தை மட்டும் நனைத்துக்கொள்கிறான். தன் ஓய்வைத் துறப்பதும் அக்கடனன்று. ஒருவன் கடற்கரைக்குப் போகாமல் வீட்டிலே கதவடைத்துக் கிடந்தால் மற்றவனின் விறகுப் பாரம் ஓர் அவுன்சும் குறையாது. தனக்குக் கிடைத்தது சலுகையல்ல, பிறர் போராடிப் பெற்ற உரிமையின் ஒரு பங்கு என்று உணர்ந்து, அப்பங்கு இன்னும் எட்டாதவர்களுக்கு எட்டும்வரை அவர்களுடைய கோரிக்கையைத் தன் கோரிக்கையாக எடுத்துக்கொள்வதே கடன் என்று நாம் நினைக்கிறோம். மீனவனுக்குக் கொந்தளிப்பு மாதங்களில் வருமானக் காப்பு, கூலி விவசாயிக்கு மழை நாட்களுக்கு ஈடு, விடுதித் தொழிலாளிக்குப் பருவம் முடிந்தாலும் நிலைக்கும் வேலை: இவை வறட்சியான கோரிக்கைகளாகத் தோன்றும். கடற்கரை இன்பத்தின் இலக்கணத்தில் இவற்றுக்கும் இடம் உண்டு.

பாசிக்குடாவின் கதை இதைத் தெளிவாக்கும். ஆழமற்று நெடுந்தூரம் நடந்து செல்லக்கூடிய அந்தக் குடா 1970களிலேயே உல்லாசப் பயணிகளை ஈர்த்தது. பின்னர் போர், அதன்மேல் 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை. 2009-இல் போர் முடிந்த சில ஆண்டுகளில் கரை நெடுகிலும் பெரிய விடுதிகள் எழுந்தன. வேலை கிடைத்தது என்றோரும் உண்டு. வள்ளம் ஏற்றவும் வலை காயவிடவும் இருந்த கரை சுருங்கியது என்று முறையிட்டோரும் உண்டு. இரண்டும் மெய். 1981-ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் தாழ்நீர் எல்லையிலிருந்து கடற்பக்கம் இரண்டு கிலோமீற்றரும் கரையோர வலயம் என்று வரையறுக்கிறது. அதற்குள் நினைத்தபடி எதையும் கட்டிவிட இயலாது. அலை நனைக்கும் மணலும் தனியார் சொத்தன்று. ஆனால் அந்த மணலை அடையும் ஒழுங்கையின் வாயிலில் ஒரு காவலாளி நின்றால், சட்டப் புத்தகத்தில் உள்ள மணல் யாருக்குப் பயன்? மதில்கள் வளர வளர, கடலுக்குப் போகும் பொது ஒழுங்கைகளின் அகலமே ஜனநாயகத்தின் அகலம் என்று சொல்லத் தோன்றுகிறது. அக்காவலாளியும் அயலூர்ப் பையனாகவே இருப்பான் என்பது இதிலுள்ள கசப்பு.

மேலும் ஒரு கேள்வி இருக்கிறது; இதை எழுதக் கை தயங்குகிறது. மட்டக்களப்பிலிருந்து வரும் சைக்கிள்காரன் சித்தாண்டியை அடையுமுன் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தைக் கடக்கிறான். 1990-இல் அயலூர்களிலிருந்து ஓடிவந்த மக்கள் அங்கே அகதிகளாகத் தங்கியிருந்தனர். அவ்வருடம் செப்டெம்பர் 5-ஆம் நாள் அவர்களிலிருந்து 158 பேர் இராணுவத்தினரால் பிரித்தெடுத்துக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. பின்னர் அமைக்கப்பட்ட விசாரணை ஆணைக்குழுவின் முன் சாட்சியங்கள் அளிக்கப்பட்டன. தாய்மாருக்கு விடை கிடைக்கவில்லை. இந்தச் சாலையிலே, இந்த மழையிலே, ஒருவன் சீட்டியடித்துக்கொண்டு சைக்கிள் மிதிக்கலாமா?

மிதிக்கவே கூடாது என்பவரின் உணர்ச்சியை நாம் மதிக்கிறோம். அவர் முடிவை ஏற்கவில்லை. அந்த ஊர்களிலேயே வாழ்பவர்கள் சிரிக்கின்றனர், திருமணம் செய்கின்றனர், பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப் போகின்றனர். இழந்தவர்களுக்கே உள்ள இந்த உரிமையை வெளியிலிருந்து வருபவன் அவர்கள் சார்பில் தடைசெய்ய முடியாது. துயரம் நிகழ்ந்த நிலமெல்லாம் என்றைக்கும் துயர நிலமாகவே இருக்கவேண்டுமென்றால், துயரத்தை விளைத்தவர்களுக்கு அந்நிலத்தையே எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஆயினும் இன்பம் காண்பது வேறு, அறியாமையில் இன்பம் காண்பது வேறு. ‘யாரும் தீண்டாத கன்னிக் கடற்கரை’ என்று விளம்பரம் எழுதுபவன், முப்பது ஆண்டுகள் அக்கரையைத் தீண்டிய அனைத்தையும் ஒரே அடைமொழியில் துடைத்துவிடுகிறான். அறிந்தவனும் அதே சாலையில் அதே மழையில்தான் போகிறான். ஆனால் தேநீர்க் கடையில் ஒரு முதிய தாய் தன் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், கடல் காத்திருக்கட்டும் என்று வண்டியைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்து கேட்பான். அவள் சொல்ல விரும்பாவிட்டால் கேள்வி கேட்கவும் மாட்டான். இந்தப் பண்பு பயணக் குறிப்பேட்டில் கிடைப்பதில்லை. பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்திலும் இதுவரை கிடைக்கவில்லை.

பள்ளிக்கூடம் என்றதும், இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வார்த்தை. நமது மாணவருக்கு வார இறுதி இருக்கிறதா? சனியும் ஞாயிறும் காலை ஆறு மணிக்கே ரியூசன் வகுப்புக்கு அவர்கள் சைக்கிளில் ஓடுகின்றனர். மழையானால் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடுகின்றனர். க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடியும்வரை அவர்களுக்குக் கடல், பூமிசாத்திரப் பாடத்தில் நீல நிறமாகவே இருக்கிறது. கடலுக்குப் பதினைந்து கிலோமீற்றரில் பிறந்த பிள்ளை வருடக்கணக்கில் அதைக் காணாமல் வளர்வது எந்தக் கல்விக் கொள்கையின் வெற்றி என்று நமக்குப் புரியவில்லை. பரீட்சைப் போட்டியை நாம் ஒருவரே நிறுத்திவிட முடியாது, உண்மை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நடத்துபவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

அதைவிடப் பெரிய மௌனம் ஒன்று உண்டு. இதுவரை நாம் ‘சைக்கிள்காரன்’ என்றே எழுதி வந்தோம். வாசகர் எவரும் அதை விசித்திரமாகக் கொண்டிருக்கமாட்டார். நண்பர் மூவர் மழையில் கடலுக்குப் புறப்படும் காட்சியை மனத்தில் வரைந்தபோது, அம்மூவரும் ஆண்களாகத்தான் வந்து நின்றார்கள். அவர்கள் போன இரண்டு நாளும் வீட்டிலே அடுப்பு ஓய்ந்திருக்கவில்லை. ஈரவிறகை ஊதியவளுக்கு, மழையில் காயாத துணியை இரண்டாம் முறை பிழிந்தவளுக்கு, 1954-ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லை, போயா நாளும் இல்லை. உண்மையில் விடுமுறை நாளில் அவள் வேலை கூடுகிறது. வீட்டிலே எல்லாரும் இருக்கிறார்கள் அல்லவா!

தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1991 முதல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், கல்லுடைப்பவர்களும் வயற்கூலிகளும் உட்பட, வண்டி மிதிக்கத் தொடங்கினர். சந்தைக்கும் தண்ணீருக்கும் வேலைக்கும் நேரம் மிச்சமாயிற்று என்று அதன் பயனைக் கணக்கிட்டுக் கூறினார்கள். அக்கணக்கு சரியானதே. ஆனால் அங்கிருந்து எழுதியவர்கள் குறித்துவைத்த மற்றொரு செய்தி நமக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அப்பெண்கள் பயனைப் பற்றிப் பேசுவதற்கு முன் தன்மானத்தைப் பற்றியும் விடுதலையைப் பற்றியும் பேசினார்கள். ஆண் சைக்கிள் மிதித்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பெண் மிதித்தால் எதற்காக, எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று மூன்று கேள்விகள் எழுகின்றன. ஒன்றுக்கும் உதவாத ஒரு பயணத்துக்கு, வெறுமனே மழையையும் கடலையும் பார்ப்பதற்கு, அவள் புறப்படும்போதுதான் அவை உண்மையாகவே கூர்மையடைகின்றன.

சித்தாண்டியிலும் சந்திவெளியிலும் பெண்கள் சைக்கிள் ஓட்டுவது புதிதன்று. பள்ளி விடும் நேரத்தில் அச்சாலையில் வெள்ளைச் சீருடைகள் வரிசையாகச் செல்வதை யாரும் காணலாம். பள்ளிக்கு, ரியூசனுக்கு, கடைக்கு, நெசவு நிலையத்துக்கு, தைக்கும் ஆலைக்கு என்று அவர்களின் வண்டிக்கு எப்போதும் ஓர் ஊர்ப்பெயர் இருக்கிறது. கிரானுக்கு அப்பால் அந்த வண்டி போவதற்கு என்ன காரணம் சொல்லலாம் என்று அவர்களுள் ஒருத்தி யோசித்துக்கொண்டிருக்கக்கூடும். வாழைச்சேனையில் மாமி வீடு இருந்தால் வசதி. இல்லையென்றால், சனிக்கிழமை விடியலில் தம்பி அந்தச் சைக்கிளை எடுத்துக்கொண்டு தன் நண்பர்களோடு பாசிக்குடாவுக்குப் புறப்பட்டுவிட்டிருப்பான். சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்தவள் அவள்தான்.